கடையில் நிற்கும் பிரீசர் யாருடையது?

ஐஸ் பெட்டி என்றால் ஐஸ்கிரீம் மட்டும்தான் என்றிருந்த காலம் போய்விட்டது. பச்சைப் பட்டாணி, ஸ்வீட் கார்ன், பரோட்டா, சப்பாத்தி, மீன் துண்டு, கோழி நக்கெட் என்று உறைய வைத்த சரக்குகள் பல, இன்று சிறு ஊர்களின் மளிகைக் கடைகள் வரை வந்துவிட்டன. இந்தச் சரக்கில் இறங்க நினைக்கும் வணிக நண்பர்கள் முதலில் கேட்பது, "எத்தனை சதவீதம் கிடைக்கும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று உண்டு. கடையில் நிற்கப்போகும் பெட்டி யாருடையது? அதற்குக் கரண்ட் பில் கட்டுவது யார்? இந்தத் தொழில் தோன்றிய நாள் முதல் லாபம் யார் பக்கம் போகிறது என்பதைத் தீர்மானித்து வந்திருப்பது இதுதான்.

தொழில் பிறந்த விதம்

அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ 1912-ஆம் ஆண்டு, இன்றைய கனடாவின் வடகிழக்கிலுள்ள லாப்ரடாருக்கு நரித்தோல் வியாபாரத்துக்காகப் போனார். அங்குள்ள மக்கள் பிடித்துப் போடும் மீன் கடுங்குளிர்க் காற்றில் உடனே உறைந்துவிடுவதையும், பல வாரம் கழித்துச் சமைத்தாலும் புது மீன் போலவே இருப்பதையும் கவனித்தார். மெதுவாக உறைந்தால் உள்ளே பெரிய பனித்துகள்கள் உண்டாகிச் சதையைக் கிழித்துவிடும். உருக்கும்போது நீர் வடிந்து சக்கையாகும். வேகமாக உறைந்தால் துகள்கள் நுண்ணியவை. சதை கெடாது. இந்த அறிவைக் கொண்டு 1920-களில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் வேகமாக உறைய வைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். 1929-இல் அந்தத் தொழிலும் காப்புரிமைகளும் 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு விலைபோயின. வாங்கிய நிறுவனமே பிறகு ஜெனரல் புட்ஸ் என்று பெயர் பெற்றது.

இயந்திரம் இருந்தது, மூலதனம் இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: கடைக்காரரிடம் பெட்டி. 1930 மார்ச் 6-ஆம் தேதி ஸ்பிரிங்பீல்டு நகரில் 18 கடைகளில் சோதனை விற்பனை தொடங்கியது. அது பெருமந்தக் காலம். விலை உயர்ந்த குளிர்பெட்டியைச் சொந்தமாக வாங்கி வைக்க எந்த மளிகைக்காரருக்குத் துணிவு வரும்? எனவே 1934-இல் மலிவான பெட்டிகளைத் தயாரிக்க ஏற்பாடு செய்து, கடைகளுக்கு மாத வாடகைக்கு விட்டார்கள். 1944-இல் குளிர் காக்கும் ரயில் பெட்டிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். அதன் பிறகுதான் சரக்கு நாடு முழுவதும் பரவ முடிந்தது. ஆலை, வண்டி, கடை ஆகிய மூன்றில் ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி இல்லை. அதை முடிக்க, பணபலம் உள்ள அந்த நிறுவனத்துக்கே 15 ஆண்டுகள் பிடித்தன.

இலவசப் பெட்டியின் விலை

பெட்டி தந்தவர் கை கடைக்குள் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு அயர்லாந்து ஒரு பாடம். அங்கே யூனிலீவரைச் சேர்ந்த எச்.பி. என்ற ஐஸ்கிரீம் நிறுவனம் கடைகளுக்குத் தனிக் கட்டணம் இல்லாமல் பிரீசர் கொடுத்தது. ஒரே நிபந்தனை: அதில் வேறு நிறுவனத்தின் சரக்கை வைக்கக்கூடாது. 1989-இல் மார்ஸ் ஐஸ்கிரீம் அந்தச் சந்தைக்கு வந்தது. பல கடைக்காரர்கள் அதை எச்.பி. பெட்டியிலேயே வைத்து விற்றார்கள். எச்.பி. நிபந்தனையைச் சுட்டிக்காட்டியது. வழக்கு மூண்டது. அயர்லாந்து உயர் நீதிமன்றம் 1992-இல் எச்.பி. பக்கம் தீர்ப்பளித்தது.

ஆனால் 1998 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் மாறான முடிவுக்கு வந்தது. அந்தச் சந்தையில் சுமார் 40 சதவீதக் கடைகளில் எச்.பி. பெட்டி தவிர வேறு பெட்டியே இல்லை. சிறிய கடையில் இரண்டாவது பெட்டிக்கு இடமும் இல்லை. ஆகவே அங்கே இந்த நிபந்தனை போட்டியை அடைத்துவிடுகிறது, செல்லாது என்றது ஆணையம். 2003-இல் ஐரோப்பிய நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2006-இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. சண்டை தொடங்கி முடிய ஏறக்குறைய 16 ஆண்டுகள். பெட்டிக்குத் தனிக் கட்டணம் இல்லை என்றாலும், அதன் செலவு ஐஸ்கிரீம் விலைக்குள்ளேயே இருந்தது என்பதும் அந்த வழக்கில் வெளிப்பட்டது.

நம் நாட்டிலும் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3(4) பிரிவு, சந்தையில் போட்டியைக் கணிசமாகப் பாதிக்கும் இத்தகைய தனி உடன்பாடுகளைக் கேள்விக்கு உட்படுத்துகிறது. ஆனால் சட்டத்தை நம்பி ஒரு பெட்டிக்கடைக்காரர் கோர்ட்டுக்கு அலைய முடியுமா? கையெழுத்துப் போடும் முன்பே யோசிப்பதுதான் நமக்கு ஏற்ற வழி. தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். வியாபாரத்தில் பார்த்தே ஆக வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

கணக்குக்காக, பெட்டி நாளொன்றுக்கு 3 யூனிட் எடுப்பதாகவும் யூனிட் 10 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 900 ரூபாய். நமக்கு மிஞ்சுவது 15 சதவீதம் என்றால், மாதம் 6,000 ரூபாய்க்கு விற்றால்தான் கரண்ட் செலவு மட்டும் கழியும். அதாவது நாளொன்றுக்கு 200 ரூபாய். கடை வாடகையில் அந்தப் பெட்டி அடைக்கும் இடத்தின் பங்கு, டெபாசிட் பணம், உருகி வீணாகும் சரக்கு எல்லாம் இதற்கு மேல். உங்கள் பில்லில் உள்ள விகிதத்தைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

சித்திரை, வைகாசியில் இந்த 200 ரூபாய் ஒரு பொருட்டே அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஐஸ்கிரீம் கேட்பார் யார்? பெட்டி மட்டும் 12 மாதமும் ஓடும். அந்த மாதங்களில் பட்டாணியும் பரோட்டாவும் வைத்து விற்க உரிமை இருந்தால் பெட்டி தன் செலவைத் தானே சம்பாதிக்கும். "எங்கள் சரக்கு மட்டும்" என்ற ஒரு வரி அந்த உரிமையைப் பறித்துவிடுகிறது. பச்சை மீனையும் இறைச்சியையும் மட்டும் மற்றவற்றோடு சேர்க்கக்கூடாது. அதற்குத் தனிப் பெட்டி வேண்டும்.

சரக்கு வந்து இறங்கும்போது

உறைந்த உணவு மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. வண்டி வந்ததும் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டியது நம் பொறுப்பு. கண்ணாலும் பார்க்கலாம். பட்டாணிப் பாக்கெட்டைக் குலுக்கினால் உதிரியாக ஓட வேண்டும். கட்டியாக இருந்தால் வழியில் உருகி மறுபடி உறைந்த சரக்கு. பாக்கெட்டுக்குள் பனி படிந்திருந்தாலும் அப்படியே சந்தேகிக்கலாம். வாங்கி வைத்தபின் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், இறக்கும்போதே திருப்பிவிட வேண்டும். பெட்டிக்குள் போட்டிருக்கும் கோட்டுக்கு மேல் அடுக்கக்கூடாது. பழைய சரக்கு மேலே, புதிய சரக்கு அடியில். இரவில் மிச்சம் பிடிப்பதாக நினைத்து சுவிட்சை அணைக்கவே கூடாது.

மின்தடையின்போது, மூடியைத் திறக்காமல் வைத்தால் நிரம்பிய பெட்டி 48 மணி நேரமும் பாதி நிரம்பியது 24 மணி நேரமும் தாங்கும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. நம் வெயிலுக்கு அதை அப்படியே நம்ப வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா மாவட்டங்களில் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் வரவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் உருகும் சரக்கு யார் கணக்கு? ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் அது கடைக்காரர் கணக்குத்தான்.

செய்ய வேண்டியவை

பெட்டி வாங்கும் முன் நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். பிற சரக்கு வைக்க எவ்வளவு இடம்? பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்? கெட்ட சரக்கை யார் ஏற்பார்? ஏஜென்சி மாறினால் டெபாசிட்டை யார் திருப்பித் தருவார்? விற்பனை நிலைபெற்ற கடைகள் தவணையிலாவது சொந்தப் பெட்டி வாங்கிக்கொள்வது நல்லது. தனி ஆளாகக் கேட்டால் நிறுவனப் பிரதிநிதி சிரித்துவிட்டுப் போவார். ஒரு கடைத்தெருவில் இருபது பேர் சேர்ந்து கேட்டால் உட்கார்ந்து பேசுவார். பொதுவான ஒரு ஒப்பந்த வாசகத்தை ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தயாரித்து வைத்துக்கொண்டால், பெட்டி யாருடையதாக இருந்தாலும் கடை நம்முடையதாகவே இருக்கும்.