டேப் வந்தாச்சு, பக்கத்தில் உட்கார ஆள் யார்?

வடபழனி நூறடி சாலையில் ஒரு கடைக்குப் போய்ப் புதுக் கைபேசி வாங்கினால், கடைக்காரரே சிம் போட்டு, பழைய எண்களையெல்லாம் மாற்றி, வாட்ஸ்அப்பையும் ஏற்றிக் கொடுத்துத்தான் அனுப்புகிறார். அப்படியும் வீட்டில் பேரனோ பேத்தியோ பத்து நாள் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. கைபேசிக்குக் கொடுத்த காசுக்குப் பில் உண்டு. பேரன் செலவழித்த பொழுதுக்குப் பில் கிடையாது, ஆனால் அந்தப் பொழுது இல்லையென்றால் கைபேசி அலமாரிக்குத்தான் போகும்.

அரசுப் பள்ளிகளுக்குக் கணினி வாங்குவதிலும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. தமிழ்நாட்டில் 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வைத்தார்கள். பிறகு 22,931 திறன்மிகு வகுப்பறைகள், 79,723 ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி (டேப்) என்று தொடக்கப் பள்ளி வரை திட்டம் இறங்கியது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு இருக்கிறது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி, 2023 ஜூலையில் மணற்கேணி செயலி. சாமான் விஷயத்தில் நாம் பின்தங்கியிருக்கிறோம் என்று யாரும் சொல்ல முடியாது.

சென்னையில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. கோடம்பாக்கம் மண்டலத்தில், அதாவது வடபழனி அடங்கிய பகுதியில், இருக்கும் மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கட்டடமும் நிர்வாகமும் மாநகராட்சியின் பொறுப்பு. பாடநூலும் பயிற்சியும் பள்ளிக் கல்வித் துறை பக்கமிருந்து வருகின்றன. 400-ஐத் தாண்டிய மாநகராட்சிப் பள்ளிகளில் 28 பள்ளிகளை, பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் பங்கோடு நடக்கும் சிட்டீஸ் திட்டத்தில் சுமார் 95 கோடி ரூபாயில் புதுப்பிக்க எடுத்தார்கள். திரையை மாட்டுவது ஒரு அலுவலகம், அந்தத் திரையை வைத்துப் பாடம் நடத்தக் கற்றுக்கொடுப்பது இன்னொரு அலுவலகம். இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே அட்டவணை போட்டால்தான், திரை வரும் மாதத்திலேயே பயிற்சியும் வரும்.

பயிற்சி எப்படி வருகிறது என்பதையும் பார்த்துவிடலாம். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் இருக்கிறது (ஆட்டோக்காரரிடம் இன்னமும் டி.பி.ஐ. என்றால்தான் வண்டி நகரும்). அங்கேதான் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். முதலில் மாநிலக் கருத்தாளர்களுக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்குச் சொல்கிறார்கள். சென்னைக்கான மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் திருவல்லிக்கேணியில் இருக்கிறது. அதற்கும் கீழே வட்டார வள மையம், கடைசியில் குறுவள மையம். சாதாரண வகுப்பாசிரியர் பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியில்தான் உட்காருகிறார், அதுவும் பல தடவை சனிக்கிழமையில்.

லட்சக்கணக்கான பேருக்குச் சேர்க்க இதைவிட மலிவான வழி இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பால் கைமாறக் கைமாறத் தண்ணீர் சேரும். மேலே மூன்று நாள் செய்து பார்த்தது, கீழே வரும்போது அரை நாள் ஸ்லைடாகச் சுருங்கிவிடுகிறது. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன திறக்கும் என்பது வந்து சேர்கிறது. பின்னத்தை ஏழாம் வகுப்புக்கு நடத்தும்போது எந்த இடத்தில் காணொளியை நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும், எந்த இடத்தில் திரையை அணைத்துவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் வழியில் சிந்திவிடுகிறது. உண்மையில் ஆசிரியருக்குத் தேவைப்பட்டது அதுதான்.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. அமெரிக்காவின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டமான லாஸ் ஏஞ்சலஸ், 2013-இல் எல்லா மாணவருக்கும் ஐபேட் என்று கிளம்பியது. நூறு கோடி டாலரைத் தாண்டிய திட்டம். கொடுத்த சில வாரங்களிலேயே பிள்ளைகள் பூட்டை உடைத்து சமூக வலைத்தளங்களுக்குப் போய்விட்டார்கள், உள்ளே இருக்க வேண்டிய பாடங்களோ முழுதாகத் தயாராகவில்லை. 2014-இல் ஒப்பந்தத்தை நிறுத்தினார்கள். பெரு நாடு எட்டு லட்சத்துக்கும் மேல் மடிக்கணினி கொடுத்தது. 2012-இல் வந்த ஆய்வில் கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை.

பலன் கிடைத்த இடமும் இருக்கிறது. டெல்லியில் பள்ளி நேரத்துக்குப் பிறகு நடந்த மையங்களில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை முரளிதரன், சிங், கானிமியன் என்ற மூன்று ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அவர்களுடைய கட்டுரை 2019-இல் வெளியானது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். அந்த மென்பொருள் குழந்தை எந்த வகுப்பில் படிக்கிறது என்று பார்க்காமல், எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்கியது. கூடவே சிறு குழுவாக உட்கார்த்திச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆளும் இருந்தார்.

இது நமக்குப் புதிய யோசனை அல்ல. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்ததும் இதே கணக்கில்தான். அதில் பருவத்துக்குப் பருவம் ஆசிரியர்களைத் திரும்ப அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரே தடவை சொல்லிக் கைகழுவாமல் மீண்டும் மீண்டும் கூப்பிடுவதற்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

கேரளத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. அங்கே 2001-இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கியபோதே, பணியில் இருந்த ஆசிரியர்களிலிருந்து ஆட்களை எடுத்து மாஸ்டர் டிரெய்னர் ஆக்கினார்கள். அந்த அமைப்புதான் 2017-இல் கைட் என்ற பெயருக்கு மாறியது. 4,752 பள்ளிகளில் 45,000 ஹைடெக் வகுப்பறைகள் வருவதற்குள், பயிற்சிக்கு ஆட்கள் பல ஆண்டுகளாகத் தயாராகியிருந்தார்கள். 2018-இல் லிட்டில் கைட்ஸ் என்று மாணவர் மன்றமும் வந்தது. கேபிள் கழன்றால் சார் நிறுவனத்துக்குப் போன் போட வேண்டாம், எட்டாம் வகுப்புப் பிள்ளையே எழுந்து வந்து மாட்டிவிடும். முதல் பத்தியில் சொன்ன பேரன், பேத்தி இவர்கள்தான்.

அப்படியானால் திட்டம் போடுகிறவர் எங்கே தொடங்க வேண்டும்? டெண்டரில் அல்ல, கால அட்டவணையில். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. அந்தக் கொள்கையோடு நமக்கு ஆயிரம் சண்டை இருக்கட்டும், இந்த ஒரு எண்ணை எடுத்துக்கொள்வோம். டேப் வாங்கிய 79,723 பேருக்கு 50 மணி என்றால் ஏறக்குறைய 40 லட்சம் மணி. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால், மற்றவர் ஐந்து வகுப்பையும் மேய்க்க வேண்டும். அந்த மணிகளுக்கு மாற்று ஆள் யார் என்று எழுதாத திட்டம், பயிற்சியை ஆசிரியரின் சனிக்கிழமையிலிருந்து திருடுகிறது என்றுதான் அர்த்தம்.

இருக்கிற நேரத்தையும் எமிஸ் என்ற கல்வித் தகவல் மேலாண்மை முறை தின்கிறது. வருகைப் பதிவு, நலத்திட்டப் பதிவு, மதிப்பீட்டுப் பதிவு எல்லாம் செயலியில்தான். ஆசிரியர் சங்கங்கள் வருடக்கணக்காக இதைச் சொல்லிவருகின்றன. பாடம் நடத்தக் கொடுத்த கருவி, கணக்கு எழுதும் கருவியாக மட்டும் மாறிவிட்டால், அதன்மேல் ஆசிரியருக்கு எரிச்சல்தான் வரும்.

பணத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். கருவி ஒரு தடவை வாங்குவது. மின்சாரம், இணையம், பழுதுபார்ப்பு, பயிற்சி ஆகியவை ஆண்டுதோறும் வரும் செலவு. ஐந்தாம் ஆண்டில் பேட்டரி போகும் என்பது வாங்கும் நாளிலேயே தெரிந்த விஷயம். ஆனால் ரிப்பன் வெட்டும் விழாவுக்கு ஏற்றது முதல் செலவு மட்டும்தான்.

உங்கள் பிள்ளை மாநகராட்சிப் பள்ளியிலோ அரசுப் பள்ளியிலோ படித்தால், இதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது எத்தனை கணினி வந்தது என்று கேட்க வேண்டாம், அதைச் சுவரிலேயே எழுதியிருப்பார்கள். போன வாரம் எந்த வகுப்பில், எந்தப் பாடத்துக்குத் திரையைப் போட்டீர்கள் என்று கேளுங்கள். இணையம் நின்றால் யார் வருகிறார், எத்தனை நாளில் வருகிறார் என்று கேளுங்கள். கடைசியாக, குற்றம் சாட்டும் குரலில் இல்லாமல், டீச்சருக்குக் கடைசிப் பயிற்சி எப்போது நடந்தது, அதற்குப் பிறகு யாராவது வகுப்புக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், அதை அன்றைய தீர்மானத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.