தீபச் சீட்டும் சொல்லாமல் போகும் பிழையும்

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலுக்குள் இருந்து தரிசிப்பதற்கான கட்டணச் சீட்டுகள் அண்மை ஆண்டுகளில் கோயிலின் இணையதளம் வழியாக வழங்கப்படுகின்றன. 2023இல் பரணி தீபத்துக்கு 500, மகாதீபத்துக்கு 1,100 என்ற அளவில் சீட்டுகள் ஒதுக்கப்பட்டன. மிகச் சில சீட்டுகளுக்காக மிகப் பலர் ஒரே வேளையில் மோதும் இத்தகைய விற்பனையில்தான் வழங்கிக் கணினியின் பிழைகளைக் கையாளும் முறை சோதனைக்குள்ளாகிறது.

முன்பெல்லாம் வழங்கி தடுமாறினால் திரை முழுவதும் பிழைச்செய்தி தோன்றும். அழகற்றது எனினும் நேர்மையானது. முழுப் பக்கத்தையும் மீண்டும் ஏற்றாமல், பின்னணியில் கேள்வியை அனுப்பிவிட்டு, விடை வந்ததும் உரிய பகுதியை மட்டும் மாற்றும் ஒத்திசைவற்ற கோரிக்கை முறை, 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உலாவியில் இடம்பெற்று, 2005இல் 'ஏஜாக்ஸ்' என்ற பெயருடன் பரவியபின், பக்கத்தை எழுதியவர் ஏற்பாடு செய்யாவிட்டால் பிழை வெளியே தெரிவதில்லை. சுழலும் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும்.

வழங்கி தன் நிலையை மூன்று இலக்க எண்ணால் தெரிவிக்கிறது: 500 என்பது உட்பிழை, 503 என்பது தற்காலிகமாகச் சேவை இல்லை, 504 என்பது இடைநிலைக் கணினிக்கு உரிய நேரத்தில் விடை வரவில்லை. இன்றைய உலாவிகளின் 'ஃபெட்ச்' வசதியோ 500 வந்தாலும் அதைத் தோல்வியாகக் கொள்ளாமல், விடை வந்தது என்றே ஒப்படைப்பதால், நிலை எண்ணைச் சரிபார்க்கும் பொறுப்பு நிரலாளரையே சேர்கிறது.

இவற்றுள் மிகவும் சிக்கலானது 504. விடை வரவில்லை என்பதனால் வேலை நடக்கவில்லை என்று பொருளில்லை. பணம் கழிந்து, சீட்டும் பதிவாகி, செய்தி மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அந்நிலையில் பக்தர் மீண்டும் பொத்தானை அழுத்தினால் இருமுறை பணம் போகும் என்பதால், ஒவ்வொரு முன்பதிவுக்கும் உலாவியே தனி அடையாள எண் இட்டு அனுப்ப, அதே எண் மறுபடி வந்தால் வழங்கி புதிய பதிவு செய்யாமல் பழைய விடையையே திருப்பித் தருமாறு அமைக்கப்படுகிறது. தானாக மறுமுயற்சி செய்யும் பக்கங்களும் இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டி, அதில் சிறிது ஒழுங்கின்மையையும் கலக்க வேண்டும்; இல்லையேல் ஆயிரக்கணக்கான உலாவிகள் ஒரே நொடியில் திரும்பி வந்து, எழ முயலும் வழங்கியை மீண்டும் வீழ்த்தும்.

பயனருக்குக் காட்டும் செய்தியில் தரவுத்தள விவரங்கள் கசியலாகாது. பணம் கழிந்ததா என்பது உறுதியாகும்வரை மீண்டும் செலுத்த வேண்டாம் என்ற தெளிவான வரியும், வழங்கியின் குறிப்பேட்டில் பதிவான அதே பிழை எண்ணும் இருந்தால், உதவி மையத்தினர் நடந்ததைத் தேடி எடுத்துவிட முடியும்.