பலர் பேச்சை ஒருங்கே பதிவு செய்தல்

வெற்றுச் சுவர்கள் சூழ்ந்த வகுப்பறையில் முதியோர் ஐவர் உரையாடுவது நேரில் கேட்போர்க்குத் தெளிவாகவே விளங்கும்; ஒலிப்பதிவிலோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் குழம்பும். இரு செவிகளால் மனிதன் வேண்டிய குரலைப் பிரித்தறிகிறான். ஒற்றை ஒலிவாங்கிக்கு அத்திறன் இல்லை. சொல்லோடு கலந்துவிட்ட முழக்கத்தைப் பின்னர் முற்றும் நீக்கலும் இயலாது.

1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக விரிவுரைக்கூடமொன்றில் எழுந்த ஒலி 5½ விநாடி வரை நீடித்தது. வாலஸ் சேபைன் அங்கே இருக்கை மெத்தைகளைப் பரப்பி, அவை கூடக்கூட ஒலி விரைந்து அடங்குவதை அளந்தறிந்தார். சிற்றூர்ப் பள்ளியில் சமுக்காளமும் கனத்த போர்வைகளும் அப்பணியைச் செய்யும். சுவரினின்று ஒரு சாண் விலக்கித் தொங்கவிடல் நன்று.

எனினும் தொலைவே முதன்மையானது. பேசுவோர்க்கும் ஒலிவாங்கிக்கும் இடைவெளி இரட்டித்தால் நேரொலியின் அழுத்தம் பாதியாகும். அறையின் முழக்கமோ ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஆதலின் ஐவரையும் ஒலிவாங்கியைச் சுற்றி நெருக்கமாக அமர்த்தி, மெல்லிய குரலினரை இன்னும் அருகில் இருத்துக.