கொல்லையில் கோல்ஃப்
செயற்கைப் புல்லுக்குத் தண்ணீர் வேண்டாம், மணல் வேண்டும்

வாடாது, வெட்ட வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். செயற்கைப் புல்லின் இந்தப் பெருமைகள், கோடையில் குழாய்த் தண்ணீருக்கு முறை வைக்கும் ஊரில் சுலபமாக எடுபடும். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரின் ஷாதிபூர் அப்படிப்பட்ட இடம். ஆனால் அங்கே வீட்டுக் கொல்லையில் 4.25 அங்குல அகலக் குழி வைத்து, கோல்ஃப் பந்தை உருட்டிப் பழக ஒரு ‘பட்டிங் கிரீன்’ அமைக்க நினைப்பவருக்குச் சிக்கல் புல்லில் இல்லை. புல்லுக்குக் கீழே இருக்கிறது.

முதல் சிக்கல் மழை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ., சென்னையைப் போல் இரண்டு மடங்கு. எனவே மேல்மண்ணை நாலைந்து அங்குலம் வெட்டியெடுத்து, ஜல்லி பரப்பி, மேலே கல்தூள் கொட்டி, லேசான சரிவுடன் திமிசு போட்டு இறுக்க வேண்டும். மேடு பள்ளம் இருந்தால் பந்து திசை மாறும். நீர் வடியாவிட்டால் பாசி படரும்.

அடுத்தது மணல். பல வகைப் புல்லில் இழைகளுக்கு இடையே மணல் தூவினால்தான் அவை நிமிர்ந்து நிற்கும்; பந்தும் சீராக ஓடும். சுற்றிலும் கடற்கரைதான். ஆனாலும் அள்ள முடியாது. அந்தமான் கடற்கரைகளில் மணல் எடுப்பதைப் படிப்படியாகக் குறைக்கும்படி 2002-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கரையை அலையிடமிருந்து காப்பது அந்த மணல். கடலாமைகள் முட்டையிடுவதும் அதில்தான்.

ஆக, தீவில் கிடைக்காததைக் கப்பலில்தான் வரவழைக்க வேண்டும். சென்னைக்கும் இங்கும் இடையே சுமார் 1,370 கி.மீ. கடல். செலவு கூடும். ஆனால் கரையில் குழி தோண்டும் உரிமை முதலில் ஆமைக்குத்தான்.