பழைய கம்ப்யூட்டரை விற்கப் போறீங்களா? 'டெலிட்' பண்ணினா மட்டும் போதாது... உஷார்!

சென்னை: வீட்டு மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய கம்ப்யூட்டர். "இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்க" என்று வீட்டில் நச்சரிப்பு. உடனே உள்ளே இருப்பதை எல்லாம் டெலிட் பண்ணிவிட்டு, 'ரீசைக்கிள் பின்'னையும் காலி செய்துவிட்டு, ஆட்டோவில் ஏற்றி ரிச்சி தெருவுக்கோ, பக்கத்து சர்வீஸ் கடைக்கோ கொண்டு போய் கொடுத்துவிடுகிறார்கள் பலர்.

அங்கேதான் ஆபத்தே ஆரம்பிக்கிறது. மகள் கல்யாண போட்டோ, ஆதார், பான் கார்டு, வங்கி பாஸ்புக் நகல், வீட்டுப் பத்திரம் ஸ்கேன் செய்தது என்று எல்லாமே அந்தப் பெட்டிக்குள் அப்படியே இருக்க வாய்ப்பு உண்டு.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் தந்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந்தேதி முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டர்களை கைமாற்ற நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு செய்வது நல்லது.

டெலிட் பண்ணினால் என்ன நடக்கிறது?

ஒரு தெருவில் 10 வீடுகள். நகராட்சி பதிவேட்டில் இருந்து 5-ம் நம்பர் வீட்டை மட்டும் அடித்துவிட்டால் வீடு இடிந்து விழுந்துவிடுமா? வீடு அங்கேயேதான் நிற்கும். பதிவேட்டில்தான் "இந்த இடம் காலி" என்று இருக்கும். வேறு யாராவது அந்த இடத்தில் புது வீடு கட்டும்போதுதான் பழைய வீடு நிஜமாகவே போகும்.

சாதாரண ஹார்டு டிஸ்க்கிலும் இதே கதைதான். டெலிட் பட்டனை அமுக்கினால் பைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகும். அதையும் காலி செய்தால், "இந்த இடம் காலி" என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். அவ்வளவுதான். 'ஷிப்ட்' பட்டனை சேர்த்து அமுக்கி டெலிட் செய்தாலும் ரீசைக்கிள் பின் வழியே போகாது என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. அதே இடத்தில் வேறு பைல் எழுதப்படும் வரை பழைய பைல் உள்ளேயேதான் இருக்கும்.

இதைத் தோண்டி எடுக்க பெரிய படிப்பு எல்லாம் தேவையில்லை. 'ரெக்குவா', 'போட்டோரெக்' போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தவறுதலாக அழிந்த குழந்தை பிறந்தநாள் போட்டோவை மீட்க உதவுவதும் இதேதான். நல்லவன் கையில் மருந்து, கெட்டவன் கையில் விஷம்!

158 டிஸ்க்குகள்... அதிர்ச்சி ஆய்வு

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்கள் சிம்சன் கார்பிங்கிள், அபி ஷெலாட் இருவரும் செகண்ட் ஹேண்டில் 158 ஹார்டு டிஸ்க்குகளை வாங்கி சோதித்தார்கள். அதில் 129 டிஸ்க்குகள் வேலை செய்தன. அவற்றில் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12 தான்!

மற்றவற்றில் 5 ஆயிரத்துக்கும் அதிகமான கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவக் குறிப்புகள், சொந்தக் கடிதங்கள் கிடைத்தன. ஒரு டிஸ்க், ஏ.டி.எம். எந்திரத்தில் இருந்து கழற்றப்பட்டது. அதில் பணம் எடுத்தவர்களின் கணக்கு விவரங்கள் அப்படியே இருந்தன. இந்த ஆய்வு 2003-ல் வெளியானது.

சரி, அது பழைய கதை என்று விட்டுவிட முடியாது. மோர்கன் ஸ்டான்லி என்ற பெரிய நிதி நிறுவனத்தின் பழைய கருவிகள், வாடிக்கையாளர் விவரங்களை அழிக்காமலேயே ஆன்லைன் ஏலத்தில் விற்பனைக்குப் போயின. இதற்காக 2022-ல் அமெரிக்க பங்குச்சந்தை கட்டுப்பாட்டு அமைப்பு விதித்த அபராதம் 3 கோடியே 50 லட்சம் டாலர். அவ்வளவு பெரிய நிறுவனமே கோட்டை விட்டது என்றால், சாதாரண ஜனங்கள் எம்மாத்திரம்?

நிஜமாகவே அழிப்பது எப்படி?

முதலில் தேவையான போட்டோ, ஆவணங்களை வேறு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ காப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். காப்பி சரியாக திறக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வேலை. ஏனென்றால் இப்படி அழித்தால் மீட்கவே முடியாது.

* விண்டோஸ் 10, 11 உள்ள கம்ப்யூட்டர்: 'செட்டிங்ஸ்' உள்ளே 'ரெக்கவரி' என்ற பகுதிக்குப் போய் 'ரீசெட் திஸ் பிசி' என்பதைத் தட்டவும். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதைத் தேர்வு செய்யவும். இதோடு நிறுத்தக்கூடாது. 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்பதைத் தட்டி 'க்ளீன் டேட்டா' என்பதை ஆன் செய்ய வேண்டும். இதை ஆன் செய்யாமல் விட்டால் பாதி வேலைதான் நடக்கும். ஆன் செய்தால் பல மணி நேரம் ஆகலாம். கரண்ட் போகாத நேரமாகப் பார்த்துப் போடவும்.

* தனி ஹார்டு டிஸ்க், பென் டிரைவ்: வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, ரைட் கிளிக் செய்து 'பார்மெட்' கொடுக்கும்போது 'குயிக் பார்மெட்' என்ற இடத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட வேண்டும். டிக் இருந்தால் பதிவேடு மட்டும்தான் அழியும். எடுத்துவிட்டால் டிஸ்க் முழுக்க பூஜ்யத்தை எழுதித் தள்ளும். விண்டோஸ் விஸ்டா முதல் இந்த வசதி உள்ளது. எக்ஸ்பியில் முழு பார்மெட் போட்டாலும் பழைய பைல்கள் அழியாது.

* எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்து கம்ப்யூட்டர்: 'டிபான்' என்ற இலவச மென்பொருளை சி.டி.யிலோ பென் டிரைவிலோ போட்டு, அதில் இருந்து கம்ப்யூட்டரை ஆன் செய்தால் ஹார்டு டிஸ்க் முழுவதையும் துடைத்துவிடும்.

35 தடவை அழிக்கணுமா?

"35 தடவை மேலே மேலே எழுதினால்தான் போகும்" என்று சிலர் பயமுறுத்துவது உண்டு. இது 1996-ல் பீட்டர் கட்மன் என்ற ஆய்வாளர் அந்தக் காலத்து டிஸ்க்குகளை வைத்து எழுதிய கட்டுரையில் இருந்து வந்தது. இப்போதைய ஹார்டு டிஸ்க்குக்கு முழுசாக ஒரு தடவை மேலே எழுதினாலே பொதுவாகப் போதும் என்கிறது அமெரிக்க அரசின் 'நிஸ்ட்' அமைப்பின் வழிகாட்டுதல்.

ஆனால் புது லேப்டாப்களில் வரும் எஸ்.எஸ்.டி. வேறு ரகம். சிப் சீக்கிரம் தேயாமல் இருக்க, ஒரே இடத்தில் எழுதாமல் இடம் மாற்றி மாற்றி எழுதும். அதனால் நாம் மேலே எழுதினாலும் பழைய பைலின் துணுக்கு வேறு மூலையில் ஒட்டிக்கொண்டு இருக்கலாம். இதற்கு டிஸ்க் தயாரித்த நிறுவனமே தரும் மென்பொருளில் உள்ள 'செக்யூர் எரேஸ்' வசதிதான் சரியான வழி. டிபான் இதற்கு சரிப்படாது.

செல்போனுக்கும் உண்டு!

செல்போனை எக்ஸ்சேஞ்ச் போடும் முன் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு 'பேக்டரி ரீசெட்' செய்ய வேண்டும். கணக்கை நீக்காவிட்டால் வாங்குபவர் போனைத் திறக்க முடியாமல் பூட்டிக்கொள்ளலாம். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 பதிப்பு முதல், பெரும்பாலான புது போன்களில் தகவல்கள் ரகசியப் பூட்டு போட்டே சேமிக்கப்படுகின்றன. ரீசெட் செய்தால் பூட்டின் சாவியே அழிந்துவிடும். அதைவிடப் பழைய போன் என்றால், செட்டிங்ஸில் 'என்கிரிப்ட் போன்' செய்துவிட்டு அப்புறம் ரீசெட் செய்வது நல்லது. மெமரி கார்டு, சிம் கார்டை மறக்காமல் கழற்றிக்கொள்ளவும்.

ஜெராக்ஸ் கடையில் கவனம்

சொந்தமாக கம்ப்யூட்டரே இல்லாதவருக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆதாரை பிரிண்ட் எடுக்க கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். பிரிண்ட் கைக்கு வந்ததும் கிளம்பிவிடுகிறோம். பைல் அவர் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடுகிறது. "அண்ணே, அதை டெலிட் பண்ணிடுங்க" என்று நின்று சொல்வதில் தப்பே இல்லை. டெலிட் செய்தாலும் முழுசாகப் போகாது என்பதால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' எடுத்துக்கொண்டு போவது இன்னும் பாதுகாப்பு. ஆதார் ஆணைய இணையதளத்திலேயே இது கிடைக்கும்.

சுத்தியல் வைத்தியம்

கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இல்லையா? கவலை வேண்டாம். ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை விற்கலாம். நாலு ஸ்குரூதான். விலை கொஞ்சம் குறையும், மானம் மிஞ்சும். வேண்டாத டிஸ்க் என்றால் உள்ளே இருக்கும் வட்டத் தகடு வரை டிரில்லிங் மெஷினால் சில ஓட்டைகள் போட்டு, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்தில் கொடுக்கலாம். தீ வைத்து எரிக்கக் கூடாது. வரும் புகை விஷம்.

மிரட்டல் வந்தால்?

ஏற்கனவே விற்ற கம்ப்யூட்டரில் இருந்து போட்டோ எடுத்து யாராவது மிரட்டினால், பயந்து பணம் கொடுக்க வேண்டாம். வந்த மெசேஜை அழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு சைபர் கிரைம் உதவி எண் 1930-ல் அல்லது அருகில் உள்ள போலீஸ் நிலையத்தில் புகார் செய்யலாம். ஒருவரின் அந்தரங்கப் படத்தை அனுமதி இல்லாமல் எடுத்தாலோ, பரப்பினாலோ தகவல் தொழில்நுட்ப சட்டம் 66-ஈ பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில், 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

பீரோவை விற்கும்போது லாக்கரைத் திறந்து ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தானே கொடுக்கிறோம்? கம்ப்யூட்டரும் ஒரு பீரோதான். திறந்து பார்த்து, துடைத்துவிட்டுக் கொடுங்கள்.