கூண்டில் ஏற முடியாத சாட்சி

நாளிதழில் திருட்டுச் செய்தி படிக்கிற எல்லோருக்கும் அந்த வரிகள் மனப்பாடம். பீரோ உடைந்திருக்கும், நகை போயிருக்கும், கைரேகை நிபுணர்கள் வந்து தடயங்களைச் சேகரித்திருப்பார்கள். பிறகு மோப்ப நாய் வரவழைக்கப்படும். அது சிறிது தூரம் ஓடி நின்றுவிடும். யாரையும் கவ்விப் பிடிக்காது. ஊரும் பவுன் கணக்கும்தான் மாறும்.

கவ்விப் பிடித்தால் மட்டும் வழக்கு முடிந்துவிடுமா? மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு ரயில் கவிழ்ப்பு வழக்கில், 1969-இல் இந்திய உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி விரிவாகவே பேசியது. நாய் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்ய முடியாது. அதைக் குறுக்கு விசாரணை செய்யவும் வழியில்லை. நாய் என்ன கண்டுபிடித்தது என்பதை அதைப் பிடித்து வந்தவர்தான் சொல்ல வேண்டும். அப்போது அது கேள்விப்பட்ட சாட்சியமாகிவிடுகிறது. தவிர, ஒரு மனிதனின் உயிரையும் விடுதலையையும் நாயின் ஊகத்திடம் ஒப்படைக்கலாமா? இந்த ஆட்சேபங்களை எல்லாம் எடுத்துக்காட்டி, மோப்ப நாய்ச் சான்றுக்குப் பெரிய மதிப்புத் தர முடியாது என்றது நீதிமன்றம்.

சட்டத்துக்கு இடைஞ்சலான இதே விஷயம்தான் துப்பறியும் கதைக்கு வரமாக அமைந்தது. நாய் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது, முகர்ந்திருக்கிறது. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. உண்மையைச் சொல்லவும் தெரியாது. அது செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் பொருள் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையைத் தனியார் துப்பறிவாளர் எடுத்துக்கொள்கிறார். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஜோடி வாசகர்களுக்குச் சலிக்காமல் இருப்பதற்கு நாயின் மூக்கைவிட அதன் சுபாவமே பெரிய காரணம்.

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் ஒன்றான 'சில்வர் பிளேஸ்' 1892 டிசம்பரில் லண்டன் 'ஸ்ட்ராண்ட்' இதழில் வந்தது. டார்ட்மூர் பொட்டல்வெளியில் ஒரு குதிரை லாயம். பெரிய பந்தயம் நெருங்கும் வேளையில் குதிரையைக் காணோம். அதன் பயிற்சியாளர் ஜான் ஸ்ட்ரேக்கர் மண்டை உடைந்து செத்துக் கிடக்கிறார். லாயத்தில் காவலிருந்த பையனுக்கு இரவுச் சாப்பாட்டில் அபினைப் பொடித்துப் போட்டிருக்கிறார்கள். அன்று அவன் சாப்பிட்டது மசாலா போட்டுச் சமைத்த ஆட்டுக்கறி. நம் சமையலறை வாசனை அறிந்தவர்களுக்கு ஹோம்ஸின் வாதம் உடனே பிடிபடும். அபினுக்கென்று ஒரு சுவை உண்டு. அதை மறைக்க மசாலாக் கறிபோல ஒன்று வேண்டும். எங்கிருந்தோ வந்த ஒருவன், இன்றைக்கு இந்த வீட்டில் கறிக்குழம்பு வைப்பார்கள் என்று தெரிந்து அபினோடு வந்திருப்பானா? என்ன சமைப்பது என்று முடிவு செய்யக்கூடியவர்கள் வீட்டுக்காரர்கள்தான்.

சந்தேகம் வீட்டுக்குள் திரும்புகிறது. அதை உறுதி செய்வது லாயத்து நாய். நள்ளிரவில் யாரோ உள்ளே வந்து குதிரையை ஓட்டிப் போயிருக்கிறார்கள். பரணில் இரண்டு பையன்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்பும் அளவுக்கு நாய் குரைக்கவில்லை. அப்படியானால் வந்தவர் அதற்கு நன்றாகப் பழகியவர். ஸ்ட்ரேக்கரேதான். குதிரையின் பின்னங்காலில் வெளியே தெரியாதபடி ஒரு கீறல் போட்டு, அதை நொண்ட வைத்துப் பந்தயத்தில் பணம் பார்க்கக் கிளம்பியவர் அவர். மிரண்ட குதிரை விட்ட உதையில் உயிர் போய்விட்டது. கதையில் கொலையாளியே கிடையாது என்பதால் படித்து முடித்த பிறகும் மனம் கசப்பதில்லை. நாய்க்குப் பெயர்கூட இல்லை; மொத்தக் கதையும் அதன் மௌனத்தின் மேல் நிற்கிறது.

அகதா கிறிஸ்டி நாய்ப் பிரியர். 1937-இல் வந்த 'டம்ப் விட்னஸ்' நாவலைத் தன் செல்ல நாய் பீட்டருக்கே சமர்ப்பணம் செய்தார். கதையில் வருவது பாப் என்கிற டெரியர். பாப்புக்கு ஒரு விளையாட்டு. பந்தை மாடிப்படியின் உச்சிக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, மூக்கால் தள்ளிக் கீழே உருட்டிவிடுவான். கீழே நிற்பவர் எடுத்து மேலே எறிய வேண்டும். எறிந்தால் மறுபடியும் உருட்டுவான்.

வீட்டின் எஜமானி எமிலி அருண்டெல் என்ற பணக்கார மூதாட்டி. சொத்துக்குக் காத்திருக்கும் உறவினர்கள் விடுமுறைக்கு வந்து தங்கியிருந்த ஓர் இரவில் அவர் படியிலிருந்து உருண்டு விழுகிறார். படிக்கட்டில் பாப்பின் பந்து கிடக்கிறது. நாய் பந்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறது, பாவம் கிழவி கால் வைத்துவிட்டார் என்று எல்லோரும் முடிவு கட்டுகிறார்கள். படுக்கையில் கிடந்தபடி யோசித்த எமிலிக்கு மட்டும் உறுத்துகிறது. அன்றிரவு பாப் ஊர் சுற்றப் போய்விட்டான். விடிகாலையில்தான் திரும்பி வந்து கதவுக்கு வெளியே குரைத்தான். வீட்டிலேயே இல்லாத நாய் பந்தை எப்படிப் படியில் வைத்திருக்கும்? துப்பறிவாளர் ஹெர்க்யூல் புவாரோவுக்கு ஏப்ரல் 17 தேதியிட்டுக் கடிதம் எழுதுகிறார். அது அவர் கையில் கிடைப்பதற்குள் ஜூன் கடைசி ஆகிவிடுகிறது, எமிலியும் இறந்துவிடுகிறார்.

புவாரோ அந்த வீட்டுக்குப் போய் மாடிப்படியின் தலைப்பில் மண்டியிட்டுப் பார்க்கிறார். சுவரின் அடிப்பலகையில் ஓர் ஆணி. பலகையோடு பலகையாகத் தெரிய, அதன் மேல் வார்னிஷ் பூசியிருக்கிறது. அந்த ஆணிக்கும் எதிர்ப்பக்கக் கைப்பிடிக் கம்பிக்கும் இடையே யாரோ நூல் கட்டியிருக்கிறார்கள். கட்டியவர் யார் என்பதை நாவலில் படித்துக்கொள்ளலாம். இங்கே கவனிக்க வேண்டியது கிறிஸ்டி கதையைத் திருப்பிப் போட்டிருக்கும் விதம். நாய் வந்து குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கவில்லை. குற்றவாளி தன் பழியை நாயின் மேல் போட்டிருக்கிறார், எதிர்த்துப் பேசாது என்ற நம்பிக்கையில். துப்பறிவாளர் முதலில் நாயை நிரபராதி என்று நிரூபிக்கிறார். அதை நிரூபித்ததுமே கொலைமுயற்சி அம்பலமாகிவிடுகிறது. இந்த வகைக் கதைகளில் இதைவிட நேர்த்தியான கட்டுமானம் அரிது.

மூக்கை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதும் ஹோம்ஸ் கதையிலேயே இருக்கிறது. 1890-இல் வந்த 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலில் டோபி என்றொரு கலப்பின நாய் வருகிறது. தொங்கும் காது, ஆடி ஆடி நடக்கும் நடை. லண்டனின் நார்வுட் பகுதியில், இந்தியாவிலிருந்து திரும்பிய ஒரு ராணுவ மேஜர் வாழ்ந்த வீட்டில் கொலை நடக்கிறது. வீட்டின் பெயர் பாண்டிச்சேரி லாட்ஜ். தப்பியவர்களில் ஒருவனின் காலில் கிரியோசோட் எண்ணெய் ஒட்டிக்கொண்டதால், டோபி அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு மைல் கணக்கில் ஓடுகிறது. ஹோம்ஸும் அவர் நண்பர் வாட்சனும் பின்னாலேயே ஓடுகிறார்கள். கடைசியில் அது வெற்றிக் களிப்போடு ஏறி நின்றது ஒரு மரக்கிடங்கில் இருந்த கிரியோசோட் பீப்பாயின் மேல். இருவரும் அடக்க முடியாமல் சிரித்துவிடுகிறார்கள். நம் நாளிதழ்ச் செய்தியில் பாதி வழியில் நிற்கும் நாய்க்கு இலக்கியத்தில் ஒரு பெரியண்ணன் இருக்கிறான்.

அதே நார்வுட்டில் 76 ஆண்டுகள் கழித்து ஒரு நிஜ நாய் நிஜமான மர்மத்தை அவிழ்த்தது. 1966 மார்ச் 20 அன்று, லண்டனில் ஓர் அஞ்சல்தலைக் கண்காட்சியில் வைத்திருந்த கால்பந்து உலகக் கோப்பை திருடு போனது. போட்டி தொடங்க நான்கு மாதம்கூட இல்லை. பணம் கேட்டு மிரட்டல் வந்தது, ஓர் ஆள் பிடிபட்டான், கோப்பை மட்டும் கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, பிக்கிள்ஸ் என்ற நாய் உரிமையாளரோடு உலாவக் கிளம்பியபோது, வீட்டருகே செய்தித்தாள் சுற்றிக் கிடந்த பொட்டலத்தை முகர ஆரம்பித்தது. உள்ளே உலகக் கோப்பை. அதை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடிய உரிமையாளரையே போலீஸ் முதலில் சந்தேகப்பட்டு விசாரித்தது. நாயை யாரும் சந்தேகப்படவில்லை. அதற்குப் பதக்கமும் சினிமா வாய்ப்பும், இங்கிலாந்து கோப்பையை வென்ற பிறகு நடந்த விருந்துக்கு அழைப்பும் கிடைத்தன.

ரத்தமும் வக்கிரமும் இல்லாமல், சிறிய ஊரில், தெரிந்த முகங்களுக்குள் நடக்கும் 'டம்ப் விட்னஸ்' போன்ற கதைகளை ஆங்கிலப் பதிப்புலகம் 'கோஸி மிஸ்டரி' என்கிறது. கொலை பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடந்துவிடும். வாசகருக்கு மிஞ்சுவது புதிரும் மனிதர்களும், அநேகமாக ஒரு செல்லப்பிராணியும். அந்த வட்டத்துக்கு வெளியிலும் நாய் உண்டு. தனியார் துப்பறிவாளராக வேலை பார்த்த அனுபவமுள்ள டாஷியல் ஹாமெட் எழுதி 1934-இல் வெளிவந்த 'தி தின் மேன்' நாவலில் ஆஸ்டா என்ற பெண் ஷ்னாசர் நாய் வருகிறது. அதே ஆண்டு வெளிவந்த திரைப்படத்தில் ஆஸ்டா ஆண் டெரியராக மாறி, புதைத்து வைத்த பிணத்தை மோப்பம் பிடித்துக் கொடுக்கிறது. படம் ஐந்து தொடர்ச்சிகளைக் கண்டது.

2009-இல் ஸ்பென்சர் குவின் இன்னும் துணிந்தார். அவரது 'டாக் ஆன் இட்' நாவலில் கதை சொல்வதே நாய். செட் என்ற அந்த நாய் போலீஸ் பயிற்சியில் தேறாதது. அதன் கூட்டாளி பெர்னி, பணமுடையோடு தொழில் நடத்தும் தனியார் துப்பறிவாளர். செட் முக்கியமான ஒன்றை முகர்ந்துவிடும், அதற்குள் கண்ணெதிரே ஒரு தின்பண்டம் விழும், விஷயம் மறந்துபோகும். வாசகருக்குத் தெரிந்துவிட்டது, பெர்னிக்குத் தெரியாது. பதற்றமும் சிரிப்பும் அந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

நிஜ வாழ்க்கையில் அந்த இடைவெளி ஆபத்தானது. மனித மூக்கில் வாசனை உணரும் செல்கள் சில பத்து லட்சங்கள் என்றால், நாய்க்கு இருபது கோடிக்கும் மேல். அவ்வளவு இருந்தும், 2011-இல் கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை முடிவு திகைக்க வைத்தது. ஒரு தேவாலயத்தில் 18 மோப்ப நாய்களையும் அவற்றின் பயிற்றுநர்களையும் தேட விட்டார்கள். சில இடங்களில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருக்கும், அங்கே தேட வேண்டிய பொருளின் வாசனை உண்டு என்று பயிற்றுநர்களிடம் சொன்னார்கள். உண்மையில் அந்தப் பொருளை எங்குமே ஒளித்து வைக்கவில்லை. 144 தேடல்களில் 225 தடவை நாய் கண்டுபிடித்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. நாயை மனிதன் படிக்கிறான் என்றால், மனிதன் எதை எதிர்பார்க்கிறான் என்பதை நாயும் படித்துவிடுகிறது போலும். உச்ச நீதிமன்றத்தின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது.

இந்த ஜோடி ஒழுங்காக அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மாலி உதாரணம். இங்கிலாந்தில் போலீஸ் வேலையை விட்டு வந்த காலின் புட்சர், காணாமல் போன வளர்ப்புப் பிராணிகளைத் தேடித் தரும் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். வளர்த்தவர்கள் வேண்டாமென்று விட்ட காக்கர் ஸ்பேனியல் நாயான மாலியைத் தத்தெடுத்து, நோய்களை முகர்ந்தறிய நாய்களைப் பழக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் பயிற்சி கொடுத்தார். அதன் வேலை பூனைகளைக் கண்டுபிடிப்பது. தொலைந்த பூனையின் படுக்கையிலிருந்து எடுத்த முடியை மாலிக்கு முகரக் கொடுப்பார்கள். ஊர்ப் பூனைகளின் வாடையை எல்லாம் ஒதுக்கிவிட்டு அந்த ஒன்றை மட்டும் அது தேட வேண்டும். கண்டுபிடித்ததும் குரைக்கக் கூடாது. பூனை மறுபடி ஓடிவிடும். அதனால் அப்படியே தரையில் படுத்துக்கொள்ளப் பழக்கியிருக்கிறார்கள். இருவரின் கதை 2019-இல் புத்தகமாகவும் வந்துவிட்டது.

தமிழில் இந்த ஜோடி இன்னும் சரியாக அமையவில்லை. சிரிக்கச் சிரிக்கத் துப்பறிவது நமக்குப் புதிதல்ல. எழுத்தாளர் தேவன் 1940-களிலேயே ஆனந்த விகடனில் துப்பறியும் சாம்புவை உலவவிட்டார். சாம்புவுக்கு வாய்க்காதது ஒரு நாய். நம் தெருநாயை விடத் தோதான சாட்சி எங்கே கிடைக்கும்? பால்காரர் எத்தனை மணிக்கு வருவார், பேப்பர் போடும் பையனின் சைக்கிள் எது, மூன்றாம் வீட்டு மாப்பிள்ளை எப்போதெல்லாம் வந்து போகிறார் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. புதிதாக வந்த கூரியர் பையனைத் தெருமுனை வரை விரட்டும். பழகிய முகத்துக்கு நள்ளிரவிலும் வாலாட்டும். எந்த ராத்திரி அது குரைக்கவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஒரு துப்பறிவாளரை யாராவது எழுதினால், வாரா வாரம் காத்திருந்து படிக்கத் தமிழ்நாட்டில் ஆள் இருக்கிறது.