கெடாவின் பெயரைச் சுமந்த பந்தய எஞ்சின்

பாலிங்கில் ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரு பழைய மோடெனாஸ் கிரிஸ் கண்ணில் படாமல் போகாது. சீட்டு கிழிந்திருக்கும், கூடையில் பால்வெட்டும் கத்தியோ பிள்ளையின் பள்ளிப் பையோ கிடக்கும். எஞ்சின் மட்டும் சலிக்காமல் ஓடும். அந்த மோட்டார் பிறந்த இடம் நமக்குப் பக்கத்துக் குரூண்தான். ஜெனியாங் வழியாகக் காலையில் கிளம்பினால் பசியாறும் நேரத்துக்குள் போய்ச் சேரலாம். 1995இல் தொடங்கிய மோடெனாஸ் நிறுவனம், கவாசாகியின் தொழில்நுட்பத் துணையோடு 1996இல் கிரிஸ் மோட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அதற்கு அடுத்த ஆண்டே அதே பெயர் உலகின் மிக வேகமான மோட்டார் பந்தயத்தில் ஓடியது. இது இன்றைய இளைஞர்களில் பலருக்குத் தெரியாது. 1997 ஏப்ரல் மாதம், ஷா ஆலாம் பந்தயத் திடலில் 500 சிசி உலக வெற்றியாளர் போட்டியின் முதல் சுற்று நடந்தது. அதில் மோடெனாஸ் கேஆர்3 களமிறங்கியது. மூன்று முறை உலக வெற்றியாளரான அமெரிக்கர் கென்னி ராபர்ட்ஸின் குழுவுடைய வண்டி அது. பெயர் கெடாவினுடையது. ஆனால் எஞ்சின் உருவான இடம் இங்கிலாந்தின் பான்பரி நகரம்.

ஏன் பான்பரி? வரைபடம் போடத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள் என்பது பாதிப் பதில்தான். மீதிப் பதில் அச்சு, ஜிக், ஃபிக்சர் ஆகியவற்றில் இருக்கிறது. இம்மூன்றையும் சேர்த்து ‘டூலிங்’ என்பார்கள். எஞ்சினை வடிவமைப்பவரைப் பத்திரிகைகள் புகழும். எஞ்சினைச் செய்யும் கருவிகளை வடிவமைப்பவரை யாரும் படம் எடுப்பதில்லை. எனக்கென்னவோ சுவாரசியமான வேலை இரண்டாமவருடையதாகவே படுகிறது.

தோட்டத்தில் ரப்பர் பாலைத் தட்டில் ஊற்றி உறைய வைத்ததைப் பார்த்தவர்களுக்கு அச்சு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. தட்டின் வடிவம்தான் உறைந்த பாலின் வடிவம். உருக்கிய அலுமினியத்துக்கும் அதே கதை, ஒரே ஒரு வில்லங்கம் உண்டு. ஆறும்போது அலுமினியம் சுருங்கும், ஏறக்குறைய 1.3 விழுக்காடு. 200 மில்லிமீட்டர் நீளம் வேண்டுமென்றால் அச்சை 202.6 மில்லிமீட்டரில் வெட்ட வேண்டும். தடித்த பகுதி மெதுவாக ஆறும், மெல்லிய பகுதி சீக்கிரம் ஆறும் என்பதால் சுருக்கமும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. இங்கேதான் மூத்த பொறியாளரின் அனுபவம் பேசுகிறது.

தினமும் நூற்றுக்கணக்கில் வெளிவரும் சாலை மோட்டாருக்கு எஃகு அச்சு கட்டுப்படியாகும். விலை அதிகம்தான். ஆனால் பல்லாயிரம் முறை உலோகத்தைச் செலுத்தலாம். பந்தய எஞ்சினோ ஓர் ஆண்டுக்குச் சில டஜன்தான். அதைவிட முக்கியம், அது ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே அங்கே மணல் அச்சு.

கேஆர்3 மூன்று சிலிண்டர் கொண்ட இருவீச்சு எஞ்சின். போட்டி விதிகள் மூன்று சிலிண்டர் வண்டிக்கு நான்கு சிலிண்டரைவிடக் குறைந்த எடையை அனுமதித்தன. எடை குறைந்தால் வளைவுகளில் வேகம் எடுக்கலாம் என்பது ராபர்ட்ஸின் கணக்கு. இருவீச்சு எஞ்சினில் வால்வுகள் இல்லை. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளை மேலும் கீழும் ஓடும் பிஸ்டனே மூடித் திறக்கும். துளையின் உயரம் அரை மில்லிமீட்டர் மாறினால் எஞ்சினின் குணமே மாறிவிடும். அந்தத் துளைகளுக்குப் போகும் வளைந்த பாதைகளை வார்ப்பதற்கு மணலால் செய்த உட்கரு தேவை. அந்த உட்கருவுக்கு ஒரு பெட்டி அச்சு தேவை. பந்தயம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை இரவு ‘பாதையைக் கொஞ்சம் மாற்றலாம்’ என்று ஒருவர் சொன்னால் போதும், திங்கட்கிழமை காலை அந்தப் பெட்டி முன்னால் ஒருவர் நின்றாக வேண்டும். நல்ல வடிவமைப்பாளர், மாறக்கூடிய பகுதி எதுவென்று முன்கூட்டியே ஊகித்து, அதை மட்டும் கழற்றி மாற்றும்படி பெட்டியைச் செய்திருப்பார். அப்படிச் செய்யாதவருக்குப் பெட்டி முழுவதையும் மறுபடி செய்யும் வேலை காத்திருக்கும்.

வார்த்தெடுத்ததும் வேலை முடிவதில்லை. எந்திரத்தில் வைத்துக் கடைய வேண்டும், துளைக்க வேண்டும். அதற்குப் பொருளை அசையாமல் பிடிப்பதுதான் ஃபிக்சர். அடியில் மூன்று புள்ளி, ஒரு பக்கம் இரண்டு, இன்னொரு பக்கம் ஒன்று. இந்த ஆறு புள்ளிகளில் எந்தப் பொருளும் தன் இடத்தில் நிற்கும். அடியில் நான்காவது புள்ளி வைத்தால் பலம் கூடும் என்று தோன்றும். நான்கு கால் ஸ்டூல் சமமில்லாத தரையில் ஆடும், முக்காலி ஆடாது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிடிப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. காகிதக் குவளையை மூன்று விரலால் இறுக்கிப் பாருங்கள், வாய் கோணும். மெல்லிய சிலிண்டரும் அப்படித்தான். இறுக்கிய நிலையில் அதை மிகச் சரியான வட்டமாகக் கடையலாம். பிடியை விட்டதும் உலோகம் பழைய நிலைக்குத் திரும்பும், வட்டம் கெட்டுவிடும். இதையே தலைகீழாகப் பயன்படுத்தும் தந்திரமும் உண்டு. எஞ்சினின் தலைப்பகுதியைப் போல்ட் போட்டு இறுக்கும்போது சிலிண்டர் எப்படியும் கொஞ்சம் கோணத்தான் போகிறது. அதனால் ஒரு தடித்த தகட்டை அதே விசையில் மேலே இறுக்கிவைத்து, கோணிய நிலையிலேயே உட்சுவரைத் தேய்த்து வட்டமாக்குவார்கள். தகட்டைக் கழற்றினால் வட்டம் கெடும். எஞ்சினைப் பூட்டினால் வட்டம் திரும்ப வரும்.

இனி நம் ஊர் வெயிலைக் கவனிப்போம். உலகம் முழுவதும் அளவுகள் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கே குறிக்கப்படுகின்றன. கெடாவில் குளிர்சாதனம் இல்லாத பட்டறையில் பகலில் 33 டிகிரி சாதாரணம். 100 மில்லிமீட்டர் அலுமினியத் துண்டு அந்த 13 டிகிரி வித்தியாசத்தில் 0.03 மில்லிமீட்டர் நீளும். அளக்கும் எஃகுக் கருவி அதில் பாதிதான் நீளும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விடும் இடைவெளியே ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் என்னும்போது, இந்த வித்தியாசம் எஞ்சினை இறுக வைத்துவிடும். துல்லிய வேலை நடக்கும் தொழிற்சாலைகளில் அளவு அறை இரவும் பகலும் குளிரூட்டப்படுவது உடம்பு சுகத்துக்காக அல்ல.

கேஆர்3 முதல் ஆண்டில் அடிக்கடி கோளாறு கண்டது. அந்த ஆண்டின் 15 பந்தயங்களையும் ஹோண்டா வென்றது. பான்பரியில் எஞ்சினைத் திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். சுற்றுவட்டாரத்தில் பந்தயக் குழுக்களுக்கு வேலை செய்தே பழகிய சிறு வார்ப்பாலைகளும் பட்டறைகளும் இருந்ததால் அது முடிந்தது. பின்னர் அதே குழுவின் வண்டி புரோட்டோன் பெயரில் ஓடியது. 2002இல் ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவில், நான்குவீச்சு எஞ்சின்கள் ஆதிக்கம் செலுத்திய நேரத்தில், ஜெரமி மெக்வில்லியம்ஸ் அந்த மூன்று சிலிண்டர் இருவீச்சு வண்டியில் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தார். பந்தய வெற்றி கடைசிவரை கிட்டவில்லை.

ஆறு ஆண்டுகள் அச்சுப் பெட்டிகளை மாற்றி மாற்றிக் கற்ற பாடம் பெரும்பாலும் பான்பரியிலேயே தங்கிவிட்டது. பெயரை இரவல் கொடுப்பது எளிது. கைப்பழக்கம் அப்படி இடம் பெயராது. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா நமக்கு அருகில்தான் இருக்கிறது. பந்தய எஞ்சின் அங்கே வேண்டியதில்லை. ஜிக், ஃபிக்சர் வடிவமைக்கத் தெரிந்தவருக்கு எந்தத் தொழிற்சாலையிலும் வேலை உண்டு. ஆனாலும் மகன் ‘டூல் மேக்கர்’ படிக்கிறான் என்று சொல்ல நம் பெற்றோர் ஏன் தயங்குகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

உங்கள் கிரிஸ் புகை கக்கத் தொடங்கினால் சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடச் சொல்வார்கள். சிலிண்டரை மட்டும் கொண்டுபோகாதீர்கள், புதுப் பிஸ்டனையும் சேர்த்துக் கொடுங்கள். நல்ல பட்டறைக்காரர் இரண்டையும் ஒரே மேசையில் சற்று நேரம் வைத்துவிட்டு, பிறகுதான் அளவெடுப்பார்.